ராசியில்லாத படகு என்று ஒன்று உண்டா? – வாசகர் கேள்வி பதில்

தூத்துக்குடியிலிருந்து ஒரு தந்தை எழுதிய நீண்ட கடிதமும், பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றியே வேறு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் இம்முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் என்ற சிறு பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்து வெளியூர்ப் பந்தயங்களுக்கு அழைத்துச் சென்றுவருகிறேன். இந்தப் பருவம் முழுவதும் சேதம்தான். முதலில் வேறொரு படகு மோதி விலாப்பக்கம் வெடிப்பு விட்டது. அடுத்த பந்தயத்தில் பாய்மரத்தின் மேல்பாதி ஒடிந்தது. கடைசியாகப் படகு கவிழ்ந்தபோது சுக்கான் கழன்று கடலோடு போய்விட்டது. பையன் பட்டியலின் அடியில் கிடக்கிறான். படகு ராசியில்லாதது, விற்றுவிடுங்கள் என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: படகை விற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சேதங்களுக்கும் தனித்தனியே காரணம் உண்டு. அவற்றில் இரண்டு, படகு கடலில் இறங்குவதற்கு முன்பே கரையில் வைத்துத் தடுத்திருக்கக்கூடியவை. மற்றொன்றான மோதல் கடலில் நேர்ந்தது என்றாலும், அதற்குப் பந்தய விதிகளிலேயே பரிகாரம் இருக்கிறது.

முதலில் பாய்மரம். இப்போது ஐஎல்சிஏ என்று அழைக்கப்படும் லேசர் படகின் பாய்மரம், ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகும் இரண்டு குழாய்களால் ஆனது. அலுமினிய மேல்குழாயின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை ஒரு ரிவெட் ஆணி பிடித்திருக்கும். அந்த ரிவெட்டுக்காகத் துளையிட்ட இடமே குழாயின் பலவீனமான இடம். காற்று பாயை வளைக்கும் ஒவ்வொரு முறையும் வளைவின் பாரம் இரண்டு குழாய்களும் கூடும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. அதோடு உப்புநீர் துளைக்குள் தங்கிவிட்டால், ரிவெட்டின் உலோகமும் அலுமினியமும் வேறு வேறாக இருப்பதால் அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்குகிறது. உப்பளங்களுக்கு நடுவே வாழும் தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் குழாய் ஒரு நாள் பலத்த காற்றில் அதே துளையின் வழியே ஒடிகிறது. ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும் இரு குழாய்களையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதும், துளையைச் சுற்றி மயிரிழை போன்ற கீறல் தெரிகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்ப்பதும் சில நிமிட வேலைகள். இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் செய்த மேல்குழாயையும் இப்போது லேசர் வகைப் படகுகளுக்கான விதிகள் அனுமதிக்கின்றன. விலை அதிகமானாலும், புதிதாக வாங்கும் நிலையில் இருக்கும் நீங்கள் அதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

சுக்கான் கழன்றதற்குக் காரணம் இன்னும் சிறியது. படகின் பின்பலகையில் இருக்கும் வளையங்களில் சுக்கானின் முளைகள் மேலிருந்து கீழே இறங்கி உட்காருகின்றன. படகு தலைகீழாகக் கவிழும்போது சுக்கான் தன் எடையாலேயே நழுவி விழாதபடி, வில்போல் வளைந்த ஒரு சிறு தகடு அதைத் தடுத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தத் தகடு தேய்ந்திருக்கும், அல்லது அதன் திருகாணி தளர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் சுக்கானைப் பொருத்தியவுடன் மேல்நோக்கி ஓங்கி இழுத்துப் பார்க்கும் பழக்கம் பையனுக்கு வந்துவிட்டால் இந்த இழப்பு மீண்டும் நேராது.

இனி மோதல். வலப்புறத்திலிருந்து காற்று வாங்கிச் செல்லும் படகுக்கு, இடப்புறத்திலிருந்து காற்று வாங்கி வரும் படகு வழிவிட வேண்டும் என்பது உலகெங்கும் செல்லும் 10ஆம் விதி. உங்கள் மகன் வழியுரிமை உள்ள பக்கத்தில் இருந்தும் மோதப்பட்டிருந்தால், அந்த நொடியிலேயே ‘புரொட்டஸ்ட்’ என்று உரக்கக் கூவியிருக்க வேண்டும். 6 மீட்டருக்குக் குறைவான படகுகள் சிவப்புக் கொடி காட்டத் தேவையில்லை. லேசரின் நீளம் 4.23 மீட்டர்தான் என்பதால் குரலே போதும். பிறகு கரைக்கு வந்து, குறித்த நேரத்துக்குள் முறையீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய சேதம் விளைவித்த படகு அந்தப் பந்தயத்திலிருந்தே விலகியாக வேண்டும். சேதமடைந்த படகு தனக்கு நிவாரணப் புள்ளிகள் கேட்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர், சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது சண்டை அன்று. விதியைக் கேட்பதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதியே.

புள்ளிக்கணக்கையும் பையனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பாய்மரப் பந்தயத்தில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று ஏறிக்கொண்டே போகும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். 30 படகுகள் கலந்துகொண்ட தொடரில் ஓட்டத்தை முடிக்காதவருக்கு 31 புள்ளிகள் விழும். ஆனால் பெரும்பாலான தொடர்களில் ஒருவருடைய மிக மோசமான ஓட்டம் ஒன்று கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. ஆக, ஒரு தொடரில் ஒருமுறை ஒடிந்தால் தாங்கலாம். ஒடிந்ததை அரைகுறையாகக் கட்டிக்கொண்டு போய் மறுநாளும் ஒடிந்தால் மீள முடியாது. அவசரமாகப் பழுது பார்ப்பதைவிட ஓர் ஓட்டத்தை விட்டுக்கொடுப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் துறைமுகத்தைச் சுற்றிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு, அடிப்பலகை முதல் இன்ஜின் வரை பழுது பார்க்கப்படுகின்றன. கச்சான் என்னும் மேல்காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் தோணிகளைக் கரை ஒதுக்கி வேலை பார்ப்பது உங்கள் ஊரின் பழைய வழக்கம். பந்தயப் படகுக்கும் அப்படியொரு காலத்தை ஒதுக்குங்கள். எந்தத் தேதியில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது, எந்தப் பொருள் எப்போது மாற்றப்பட்டது என்று மகன் தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். பழுது வேலையிலும் அவன் கைபடட்டும். உங்கள் மைத்துனரிடம் ஒரு பருவம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தங்கை மகன் பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கவிழ்ந்த படகிலிருந்த சிறுவன் கயிற்றில் சிக்கியதைக் கண்டு தன் படகைத் திருப்பிக்கொண்டு போய் உதவினான். கடைசியில் பின்தங்கிப் போனான். இது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் தங்கை மகன் செய்தது நல்ல செயல் மட்டுமன்று, விதிப்படி கடமையும்கூட. பாய்மரப் பந்தய விதிப்புத்தகத்தின் முதல் விதியே, ஆபத்தில் இருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதுதான். அப்படி உதவியதால் இடத்தை இழந்தவருக்கு அந்த இடத்தை ஈடுசெய்யும் அதிகாரம் நடுவர் குழுவுக்கு உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ, ஃபின் வகைப் படகுப் போட்டியில் ஓர் ஓட்டத்தில் இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்தார். வேறொரு போட்டியில் படகு கவிழ்ந்து தத்தளித்த இரு சிங்கப்பூர் வீரர்களைக் கண்டதும் அவர் வழிமாறிச் சென்று அவர்களைக் காத்தார். அவர் 22ஆவதாகக் கரை சேர்ந்தபோதும் நடுவர்கள் அந்த ஓட்டத்தின் இரண்டாமிடத்தையே அவருக்கு அளித்தார்கள்; சர்வதேச ஒலிம்பிக் குழு, விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ குபெர்த்தென் பதக்கமும் வழங்கியது.

ஆனால் இந்த நிவாரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும், நேரத்துக்குள் கேட்க வேண்டும். உங்கள் தங்கை மகன் கேட்டானா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த முறைக்காவது அவனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் தனியாக உலகைச் சுற்றும் பந்தயங்களில் நடுக்கடலில் படகு உடைந்தால் என்ன செய்வார்கள்? யாராவது வந்து சரிசெய்து கொடுப்பார்களா?
– கல்லூரி மாணவி, திருச்செந்தூர்

பதில்: யாரும் வரமாட்டார்கள். வந்தால் பந்தயத்திலிருந்து விலகியதாகப் பொருள். அந்தப் பந்தயங்களின் பெருமையே அதில்தான் இருக்கிறது. உடைந்ததைத் தானே, கையில் இருப்பதைக் கொண்டு சீர்செய்ய வேண்டும்.

இதன் தொடக்கக் கதையில் நம் நாட்டுத் தேக்குக்கும் பங்குண்டு. 1968இல் உலகை எங்கும் நிற்காமல் தனியே சுற்றும் முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. அவருடைய ‘சுஹைலி’ மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட, 32 அடி நீளமே உள்ள படகு. பயணத்தின் தொடக்கத்திலேயே நீர்மட்டத்துக்குக் கீழே பலகை இணைப்பில் கசிவு கண்டது. அவர் கடலில் குதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு படகின் அடியில் சென்று, இணைப்பில் பஞ்சுத்திரியை அடித்து இறுக்கினார். அது நிற்காமற்போகவே, மேலே கித்தான் துணியை வைத்துச் செப்புத் தகட்டால் மூடி ஆணி அறைந்தார். நம் தோணி கட்டும் ஓடாவிகள் கரையில் நிதானமாகச் செய்யும் கலப்பத்து வேலையைத்தான் அந்த மனிதர் தண்ணீருக்கடியில், தனியே, முறை முறையாக மூழ்கி எழுந்து செய்து முடித்தார். பிறகு தானியங்கிச் சுக்கான் அமைப்பும் உடைந்துபோக, பாய்களைச் சமன்படுத்தியே படகைத் தன் வழியில் ஓடவைத்து, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் கரையேறினார். தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர்கள் இந்தப் பயணத்தைப் படிக்கும்போது, சாகசத்தைக் காட்டிலும் அந்தப் பஞ்சுத்திரியைக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தப் பந்தயத்தின் பொன்விழாவாக 2018இல் ‘கோல்டன் குளோப்’ மீண்டும் நடந்தபோது, இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் வடிவத்தையே பின்பற்றிக் கோவாவில் கட்டப்பட்ட ‘துரியா’ என்ற படகில் கலந்துகொண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு புரண்டு, பாய்மரம் ஒடிந்து, அவருடைய முதுகெலும்பும் அடிபட்டது. எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவரை மூன்று நாட்களுக்குப் பின் ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. தாமே பழுது பார்க்க முடியாத எல்லையும் உண்டு என்பதற்கு இது சான்று.

அவர் அடுத்த பந்தயத்துக்கு ‘பயானத்’ என்ற வேறொரு படகில் வந்தார். 2022இல் புறப்படும் இடத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு சரக்குக் கப்பலோடு மோதி, படகின் முன்பகுதியான அணியம் சேதமாயிற்று. செப்டம்பர் 4ஆம் தேதிக்குள் அதைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். காற்றின் திசையறிந்து தானே சுக்கானைத் திருப்பும் கருவி வழியில் மீண்டும் மீண்டும் உடைந்தது. மாற்றுத் தகடு செய்யப் பலகை இல்லாதபோது படகின் கழிவறைக் கதவையே அறுத்துப் பயன்படுத்தினார். 16 பேர் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் அவர் 236 நாட்களில், 2023 ஏப்ரல் 29 அன்று, இரண்டாவதாக வந்தார். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்ற பெண்மணிக்கு; அவரும் வழியில், படகு மூழ்கித் தத்தளித்த சக போட்டியாளர் ஒருவரைத் தேடிச் சென்று காப்பாற்றியவர். அதே பந்தயத்தில் நெடுந்தூரம் முன்னணியில் இருந்த சைமன் கர்வன், இதே கருவி உடைந்ததால் சிலி நாட்டுக் கரையில் நின்று பழுது பார்த்தார். அந்த ஒரு நிறுத்தத்துக்காகவே அவர் முதன்மைப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஒரு சிறு கருவி ஒருவரைக் கதவை அறுக்க வைத்தது. மற்றவரிடமிருந்து வெற்றியையே பறித்தது.

கேள்வி: ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன. அவ்வளவு காற்று இருக்கும்போது நம் கரையில் அந்த மாதங்களிலேயே பந்தயம் நடத்தினால் என்ன?
– ஒரு வாசகர், பணகுடி

பதில்: காற்று மிகுதியாக இருப்பது மட்டும் போதாது; அது எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தலையும் உங்கள் ஊரையும் கடந்து வரும் கச்சான் மேற்கிலிருந்து வீசுவது. திருச்செந்தூர், மணப்பாடு, தூத்துக்குடிக் கரைகள் கிழக்கு நோக்கியவை. ஆகவே அந்த மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிறது. கரையோரத்தில் அலை எழ இடமில்லாததால் தண்ணீர் குளம்போல் கிடக்கும். புதிதாக வந்தவர் அதை நம்பி இறங்கிவிடுவார். கரையை விட்டு விலக விலக அலை எழும், காற்றும் கூடும். அங்கே பாய்மரம் ஒடிந்த படகு, கரைக்குத் திரும்பும் வழியில்லாமல் இலங்கைப் பக்கமாக இழுபட்டுப் போகும். விரைந்து செல்லும் மீட்புப் படகுகள் போதிய எண்ணிக்கையில் இல்லாமல் கச்சானில் சிறுவர்களை இறக்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

மார்கழிக்குப் பின் வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் வீசும் நாட்களில், உடைந்த படகைக் காற்று கரைக்குத்தான் கொண்டுவரும். படகைக் கடலில் இறக்கும்போது அலை அறையும். அந்தத் தொல்லை பொறுக்கத்தக்கது. இன்னொன்று: ஆடிக்காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து கப்பிகளுக்குள்ளும் கயிற்றின் புரிகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு உள்ளிருந்தே அறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அக்கரைகளில் படகு வைத்திருப்பவர்கள் அம்மாதங்களில் கப்பிகளைக் கழற்றிக் கழுவிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது.

கேள்வி: எனக்கு 11 வயது. சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் படகு ஓட்டப் பழகுகிறேன். போன மாதம் படகு கவிழ்ந்து தண்ணீர் நிறைந்துவிட்டது, எழுப்பவே முடியவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. நான் தொடரலாமா?
– 6ஆம் வகுப்பு மாணவி, மணப்பாடு

பதில்: தொடரலாம், அம்மா. உன் படகு எழும்பாததற்கு நீ காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஆப்டிமிஸ்ட் படகுக்குள் மூன்று காற்றுப்பைகள் கட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று காற்று இறங்கியிருந்தாலோ, அதைப் பிடிக்கும் நாடா தளர்ந்து பை மேலே மிதந்துவிட்டாலோ, படகு தண்ணீருக்குள் ஆழ்ந்து கிடக்கும். உன் எடைக்கு அதைத் திருப்ப முடியாது. உன் பயிற்சியாளரிடம் சொல்லி மூன்று பைகளையும் முழுவதும் ஊதி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் அழுத்திப் பார். சோப்பு நீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பிறகு இடுப்பளவு தண்ணீரில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, நீயே வேண்டுமென்று படகைக் கவிழ்த்து, நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி எழுப்பிப் பழகு. எழுப்பத் தெரிந்த பிறகு பயம் குறையும். சென்னையின் நேத்ரா குமணன் இந்தச் சிறு படகுகளில் தொடங்கி, ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகி, டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டினார். 15 வயது வரை ஆப்டிமிஸ்ட்டில் ஓட்டலாம்; உனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கேள்வி: நான் பைபர் வள்ளங்களுக்குப் பழுது வேலை பார்ப்பவன். பந்தயப் படகு ஒன்றை வெடிப்போடு கொண்டுவந்து சரிசெய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? வள்ளத்துக்குச் செய்வதுபோலவே செய்தால் போதுமா?
– தொழிலாளி, உவரி

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஐயா. வெளியூருக்குப் படகை அனுப்பிக் காத்திருப்பதைவிட, நாள்தோறும் பைபரில் கைபழகிய உங்களைப் போன்றவரிடம் கொடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் முறை சற்று வேறுபடும். மணலில் இழுபடும் வள்ளத்துக்கு நீங்கள் கூடுதலாக இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) போடுவீர்கள். அது அந்தத் தொழிலுக்குச் சரி. லேசரின் உடல் முழுவதுமே சுமார் 59 கிலோதான். அதில் ஒரு கிலோ கூடினாலும் ஓட்டுபவர் பருவம் முழுவதும் அதைச் சுமந்து திரிய வேண்டும். உடலின் வடிவம் மாறினால் விதிமீறலும் ஆகும்.

ஆகவே முதலில், வெளுத்துப்போன இழைகள் முழுவதும் போகும்வரை தேய்த்தெடுங்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே நீண்டிருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை அகற்றி, பல நாட்கள் நிழலில் காயவிடுங்கள். வெடிப்பின் ஓரத்தைச் சரிவாக இழையுங்கள். தடிமனைப்போல் 12 மடங்கு அகலம் இருப்பது நன்று, அதாவது 2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 24 மில்லிமீட்டர். சரிவு நீண்டிருந்தால்தான் புதிய அடுக்கும் பழைய உடலும் ஒன்றையொன்று முழுமையாகப் பற்றும். நீங்கள் வழக்கமாகக் கலக்கும் பாலியஸ்டர் ரெசின் பழைய, இறுகிய பைபரில் எபாக்ஸி ரெசின் அளவுக்கு ஒட்டாது. ஆகையால் இந்த வேலைக்கு எபாக்ஸியையே வாங்கச் சொல்லுங்கள். எபாக்ஸியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கண்ணளவாக ஊற்றக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினாலும் அது முறையாக இறுகாது. எபாக்ஸியின்மேல் சாதாரண ஜெல்கோட் மேற்பூச்சு சரியாகப் பிடிக்காமல் உரிந்துபோக வாய்ப்புண்டு. அதற்குப் பொருத்தமான பெயின்ட் அடிப்பது பாதுகாப்பு.

வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் படகைத் தராசில் ஏற்றி, இரண்டு எடைகளையும் எழுதிக் கொடுங்கள். கூலியையும் நாட்டுப் படகுக் கணக்கில் குறைத்து வாங்க வேண்டாம். இழைப்பதற்கும் காயவைப்பதற்கும் ஆகும் நாட்களைச் சேர்த்தே கேளுங்கள்.